நான் அழித்த ஈசல் படை

ஒரு மனிதர் ஒன்றரை வருட ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து செய்த ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை நான் இருபது நிமிடத்தில் அழித்தேன். கை தவறி அல்ல. தெரிந்தே, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழித்தேன். இரண்டு நாள் கழித்து எல்லார் முன்னாலும் "கேசட்டில் ஏதோ கோளாறு போலிருக்கிறது" என்று வருத்தப்பட்டவனும் நான்தான். அந்த வருத்தத்தை நன்றாகவே நடித்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் திட்டமிடல் பிரிவு இன்ஜினியராக இருந்தேன். திருமுல்லைவாயிலில் ரயில் பாதையை ஒட்டி வாடகை வீடு. சிங்கப்பூரிலிருந்து வந்த என் மனைவியின் அண்ணன் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி. அதன் மேலேயே ரப்பர் விசைகள். அதை டிவியில் இணைக்க வேண்டும். புரோகிராம்களைப் பாட்டுக் கேசட்டில்தான் பதிந்து வைக்க வேண்டும். திரும்ப ஏற்றும்போது டேப் ரெக்கார்டரிலிருந்து ஒயர் வழியாகப் பெட்டிக்குள் போகும். ஐந்து நிமிடம் டிவி ஓரத்தில் வண்ணக் கோடுகள் ஓடும். அந்த ஐந்து நிமிடம் வீட்டில் யாரும் மிக்ஸி போடக்கூடாது. போட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என் மனைவி சட்னி அரைப்பதற்கு என்னிடம் நேரம் கேட்டு வைத்துக்கொள்வாள்.

பெட்டியின் மின்மாற்றி சூடாகிக்கொண்டே இருந்தது. எங்கள் டூல் ரூமில் ஒரு ஃபிட்டர் இருந்தார். என் வயதுதான். கரையான்சாவடிக்காரர். எல்லாரும் பாய் என்போம். அவரிடம் சொன்னேன். சூடு இறங்க அலுமினியத் தகட்டில் ஒரு தாங்கி செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் கொண்டுவந்தார். பொருத்தி முடித்ததும், பெட்டியோடு வந்த விண்வெளிச் சண்டை ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன். கீழே நம் கப்பல். மேலே எதிரிக் கப்பல்கள் வரிசை வரிசையாக இறங்கும். சுட வேண்டும். பாய் விளையாடவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இதுக்குள்ள இன்னா கீது சார்?"

"வெறும் நம்பர்தான் பாய்."

"நம்பர்னா நாம போடலாமே."

அப்படித்தான் ஆரம்பித்தது. பெட்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மாதத்தில் படித்துவிட்டார். என்னால் பாதிக்கு மேல் போக முடியாத புத்தகம் அது. அடுத்து வந்தபோது கையில் கிராஃப் நோட்டு. எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் ஓர் உருவம். கறுப்படித்த கட்டத்துக்கு ஒரு மதிப்பு. ஒரு வரிசையைக் கூட்டினால் ஓர் எண். அறுபது, நூற்று இருபத்தாறு, இருநூற்றுப் பத்தொன்பது என்று மனத்திலேயே கூட்டி எழுதிக்கொண்டு போவார். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பார்ப்பவருக்கு அது பெரிய வேலையில்லை.

டூல் ரூமில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் வரைபடத்தைப் பார்த்து அளவு கூப்பிடுவார். மெஷினில் நிற்பவர் அதைத் திருப்பிச் சொல்வார். "சரி" என்று பதில் வந்த பிறகுதான் வெட்டுவார். ஓர் எண் மாறினால் இரும்பு வீண். அதே முறையில் நான் எண்களைக் கூப்பிட, பாய் திருப்பிச் சொல்லிக்கொண்டே தட்டுவார். ஆறேழு வாரம் போனதும் திருப்பிச் சொல்வதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"நீங்க கூப்ட்டா சரியாத்தான் இருக்கும். எதுக்கு ரெண்டு தபா?"

மழைக்காலத்தில் ஒரு நாள் அவர் வீட்டு டியூப்லைட்டைச் சுற்றி ஈசல் மொய்த்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து எதிரிக் கப்பல்களை எல்லாம் தூக்கிப் போட்டார். இப்போது மேலேயிருந்து வருவது ஈசல் கூட்டம். வரிசையாக வராது. நம் கப்பலின் விளக்கைப் பார்த்துச் சுற்றிச் சுற்றி இறங்கும். சுட்டால் சாகாது. இறக்கைதான் உதிரும். உதிர்ந்த பிறகு தரையில் ஊர்ந்து நம்மை நோக்கி வரும். நம் துப்பாக்கியோ மேல்நோக்கி மட்டுமே சுடும். அதாவது, சுடச் சுட ஆபத்து கூடும். எதைச் சுடுவது, எதை விடுவது என்பதுதான் ஆட்டம். நான் அதுவரை பார்த்த எந்த விளையாட்டிலும் அப்படி ஒரு யோசனை இல்லை.

என் மனைவி கரண்டியோடு வந்து நின்று பார்த்தாள். "பாய், அப்படியே ஈசல்தான். எனக்கு உடம்பெல்லாம் ஊர்ற மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரிப்பது குறைவு. நானும் அதே பெட்டியில் ஸ்டோர்ஸ் இருப்புக்கு ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். போல்ட் எத்தனை, நட்டு எத்தனை என்று காட்டும். அதைப் பார்க்க அவள் ஒரு முறைகூடக் கரண்டியோடு வந்ததில்லை.

முடிந்த ஆட்டத்தை பாய் ஒரே கேசட்டில் பாதுகாப்புக்காக மூன்று முறை அடுத்தடுத்துப் பதிந்தார். கேசட்டின் பின்விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் ரெக்கார்ட் பட்டன் இறங்காது. யாரும் மேலே பதிய முடியாது. பாய் இரண்டையும் உடைத்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"ஊட்டுல வெச்சா புள்ளைங்க செல்லோ டேப் ஒட்டிப் பாட்டு புடிச்சிரும் சார். உங்ககிட்டயே இருக்கட்டும்."

அந்தச் சமயத்தில் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு தொடங்கினார்கள். உள்ளேயிருந்து ஒருவரை எடுத்துப் பயிற்சிக்கு அனுப்புவதாகப் பேச்சு. எங்கள் பெரிய அதிகாரிக்கு எங்கள் இருவரைப் பற்றியும் தெரிந்திருந்தது. "திங்கட்கிழமை ரெண்டு பேரும் செஞ்சதைக் கொண்டாங்க. பாத்துட்டு ஒருத்தரை முடிவு பண்றேன்" என்றார். பாய்க்கு அது சாதாரண விஷயமில்லை. டூல் ரூமில் ஒரு ஃபிட்டர் ஃபிட்டராகத்தான் ஓய்வு பெறுவார். அங்கிருந்து மேலே போக இருந்த ஒரே கதவு அது.

வெள்ளிக்கிழமை கேன்டீனில் ஸ்டோர்ஸ்காரர் ஒருவர் என் தோளில் தட்டினார். "இன்னா சார், திங்கக்கெயமைலேர்ந்து பாய்க்கு அசிஸ்டென்ட்டா நீங்க?" மேஜையே சிரித்தது. பாய் அங்கு இல்லை. நானும் சிரித்தேன். மீதிச் சோற்றைக் கொட்டிவிட்டு எழுந்தேன்.

சனிக்கிழமை மாலை அறைக் கதவைச் சாத்தினேன். பல் உடைந்த இரண்டு பள்ளத்தின் மேலும் செல்லோ டேப் ஒட்டினேன். ரெக்கார்ட் பட்டன் இறங்கியது. கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கியிருந்தேன். வெறும் மௌனம் பதிந்து ஆட்டத்தை அழித்துவிடும் என்பது என் கணக்கு. மூன்று பிரதியும் போக இருபது நிமிடம் ஆனது. நாற்காலியில் உட்கார முடியவில்லை. சன்னலுக்கும் கட்டிலுக்கும் நடந்தேன். மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். வருகிறேன் என்றேன். முடிந்ததும் செல்லோ டேப்பை உரித்து, உருண்டையாக்கி, சன்னல் வழியாக ரயில் பாதைப் பக்கம் எறிந்தேன். அடுத்த நாள் ஞாயிறு. பாய் வரவில்லை; வீட்டில் விருந்தாளி என்று முன்பே சொல்லியிருந்தார். அதையும் தெரிந்துதான் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன்.

திங்கட்கிழமை அதிகாரியின் அறையில் நாலைந்து பேர் பார்க்க, அவருடைய டிவியில் பெட்டியை இணைத்தோம். பாய் கேசட்டைப் போட்டார். வண்ணக் கோடுகள் வரவில்லை. மீண்டும் சுற்றிப் போட்டார். இரண்டாவது பிரதி, மூன்றாவது பிரதி. ஒயரைத் துடைத்தார். அதிகாரி மணி பார்த்தார். அப்போதுதான் நான் அந்தக் கோளாறு வசனத்தைச் சொன்னேன். பிறகு என் கேசட்டைப் போட்டேன். போல்ட் எத்தனை, நட்டு எத்தனை என்று காட்டியது. அதிகாரி "வெரி குட்" என்றார்.

பாய் தன் கேசட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வுடுங்க சார், கேசட்டுதான" என்று என்னைத் தேற்றினார். ஆட்டத்தைத் திரும்பச் செய்ய வழியில்லை. உருவங்கள் கிராஃப் நோட்டில் இருந்தன. அவை எப்படிச் சுற்றும், எப்படி ஊரும் என்பதையெல்லாம் அவர் நேராகப் பெட்டியிலேயே போட்டுத் திருத்தித் திருத்தி வந்திருந்தார். எங்கும் எழுதி வைக்கவில்லை. அந்த நோட்டும் என் வீட்டிலேயே தங்கிவிட்டது. அவர் அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. தொழிற்சாலையில் பார்த்தால் "வணக்கம் சார்." அவ்வளவுதான். தெரிந்துதான் வராமலிருக்கிறாரா, மனம் விட்டுப்போய் வராமலிருக்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் பயம்.

நான் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தேன். பிற்பாடு அதன் மேலாளர் ஆனேன். கம்பெனி மூடும்வரை பாய் டூல் ரூமில் நின்றார். கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம். கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் போய்வருகிறார்கள்.

என் மனைவி இறந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அவளிடமும் இதை நான் சொன்னதில்லை. "பாய் ஏன் வர்றதே இல்லை?" என்று சில மாதம் கேட்டாள். வேலை அதிகம் என்றேன். இப்போது அதே திருமுல்லைவாயிலில் ஒரு அடுக்குமாடியில் தனியாக இருக்கிறேன். மழை விட்ட மாலைகளில் எங்கள் மாடியின் பொது வராந்தா விளக்கைச் சுற்றி ஈசல் வரும். நான் எழுந்து போய் விளக்கை அணைப்பேன். பக்கத்து வீட்டுப் பெண் போடுவார். மீண்டும் அணைப்பேன். போன மழைக்காலத்தில் அவர் கேட்டே விட்டார்: "அங்கிள், கரன்ட் பில் மெயின்டனன்ஸ்லதான வருது, உங்களுக்கு என்ன பிரச்சினை?"

உள்ளே வந்து அலமாரியைக் குடைந்து கிராஃப் நோட்டை எடுத்தேன். பென்சில் கறுப்பு மங்காமல் இருந்தது.

அந்தப் பழைய பெட்டியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் இப்போது கிடைக்கிறது. அதில் ஈசல் படையைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தேன். உருவங்கள் ஒரு நாள் வேலை. அசைவுகள் ஐந்து மாதம் எடுத்தன. பார்த்ததை நினைவிலிருந்து பிடிக்க வேண்டும். உட்காருவேன், எழுந்து நடப்பேன், நடுவில் சாப்பாட்டை மறப்பேன். ஒருவழியாக ஓடியது. கம்பெனியின் பழைய ஆட்களிடம் பாயின் விலாசம் கேட்டு வாங்கி, மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். முதல் முறை கரையான்சாவடியில் இறங்கி, பிரதான சாலைக் கடையில் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். இரண்டாவது முறை அவர் தெருமுனை வரை போனேன். மறுபடியும் சாத்துக்குடியோடு வீடு. மூன்றாவது முறை எதுவும் வாங்காமல் கதவைத் தட்டினேன்.

அவருடைய மனைவி திறந்தார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏங்க, உங்க இஞ்சினீர் சார் வந்துகிறாரு."

பாய் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தாடி முழுக்க வெள்ளை. "இன்னா சார், வயி தப்பிட்டீங்களா?" என்று இடம் ஒதுக்கினார்.

நான் பேச்சை வளர்க்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து ஆட்டத்தை ஓட விட்டேன். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஈசல்கள் இறங்கின. அவர் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளையாடினார். ஊர்ந்து வந்த ஒன்று அவரைக் கொன்றது. மறுபடியும் விளையாடினார்.

"ரெக்கை ஒடனே ஒதிருது" என்றார்.

"ஆமா பாய்."

"தப்பு. அடி பட்டதும் ரெண்டு சுத்து சுத்தணும். அப்பால ஒதிரணும்."

"பாய், அன்னிக்கு கேசட்டு தானா கெட்டுப் போகல. நான்தான் அழிச்சேன்."

அவர் விரல் விசையிலிருந்து எழவில்லை. ஓர் ஈசலைச் சுட்டார். "தெரியும் சார்" என்றார்.

எப்படித் தெரியும் என்பதையும் அவரே சொன்னார்.

"அன்னிக்கு சாய்ந்தரம் ஊட்டுக்கு வந்து டேப்புல போட்டுக் கேட்டேன். கொய்ங்னு கேம் சத்தம் வரணும்ல. குக்கர் விசில் அடிக்குது. ரயிலு போவுது. உங்க ஊட்டம்மா, 'சோறு ஆறிப்போகுது, அந்தப் பெட்டிய வுட்டுட்டு வாங்க'ன்றாங்க. நீங்க 'வர்றேன், வர்றேன்'றீங்க."

நாற்பது வருடம் கழித்து எனக்கு அது உறைத்தது. அந்த டேப் ரெக்கார்டருக்கு உள்ளேயே ஒரு மைக் இருந்தது. ஒயர் செருகியிருந்தால் அதுவும் வேலை செய்யாது, ஸ்பீக்கரும் பேசாது; அதிகாரியின் அறையில் எதுவும் கேட்காததும் அதனால்தான். ஒயரைப் பிடுங்கினால் தானாக விழித்துக்கொள்ளும். நான் மௌனம் என்று நினைத்துப் பதிந்தது என் வீட்டை.

பாய் லேசாகச் சிரித்தார். "ஒயரைப் புடுங்கினா மைக்கு முயிச்சிக்கும்னு தெரியாத ஆளப் போய் கம்ப்யூட்டருக்குப் போட்டானுங்களேன்னு நெனச்சேன்."

"ஏன் பாய் யார்கிட்டயும் சொல்லல?"

"யார்கிட்ட? ஃபிட்டர் சொல்றான்னு இஞ்சினீர சீட்டுலேர்ந்து எயுப்பி வுடுவாங்களா? டேப்ப போட்டுக் காட்டணும். நாலு பேரு முன்னால அந்தம்மா கொரலு. ஒன்ற வருசம் எனக்கு சோறு போட்டவங்க சார். அவங்கள அங்க இயுக்கச் சொல்றீங்களா?"

நான் அவள் இறந்துபோனதைச் சொன்னேன். அவர் உதடு அசைந்தது. அவளுக்கான பிரார்த்தனை.

அதற்குள் டீயோடு வந்த அவர் மனைவி எங்களுக்கு நடுவில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. "இன்னா சொல்றாரு இவரு?"

"ஒண்ணுமில்ல, நீ போ" என்றார் பாய்.

"ஒண்ணுமில்லியா? நாப்பது வருசமா இந்த மனுசன, ஒரு பட்டன ஒயுங்கா அமுக்கத் தெரியாம கம்ப்யூட்டர் வேலைய கோட்ட வுட்டவர்னு சொல்லிகினு கீறேன். பொண்ணு கல்யாணத்துல சம்பந்தி முன்னாலகூட சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க." கணவர் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சிகினே நீங்களும் சிரிச்சீங்களே."

"சொல்லியிருந்தா அடுத்த பஸ்ஸு புடிச்சு இவரு ஊட்டு வாசல்ல போய் நின்னிருப்ப."

"நின்னிருப்பேன்தான். நின்னா இன்னா?"

நான் எழுந்து அவரிடமும் சொன்னேன். அவர் பட்டனைச் சரியாகத்தான் அழுத்தினார், தப்பு செய்தது நான், என்னை மன்னியுங்கள் என்று. அந்த அம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. டீயை ஸ்டூலில் வைத்தார்.

"டீ குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்று உள்ளே போய்விட்டார்.

சூடாகவே குடித்துவிட்டேன். கிளம்பும்போது, அட்டையில் என் போன் எண்ணை எழுதிக் கிராஃப் நோட்டைக் கட்டிலில் வைத்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டேன். "அந்தக் கேசட்டு இன்னும் இருக்கா பாய்?"

"கீது."

அவர் எழவில்லை. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. என் மனைவியின் குரல் என்னிடம் எதிலும் இல்லை. அவள் காலத்தில் குரல் பதியும் போன் என் கையில் இல்லை, எடுத்து வைக்க வேண்டும் என்று தோன்றியதுமில்லை. ஆனால் அது அவருடைய கேசட். அதை இரண்டாம் முறை எடுக்க எனக்கு உரிமை கிடையாது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் ஆவடி வரை நின்றுகொண்டே வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. புது எண்.

"சார், கம்ப்யூட்டரு பக்கத்துல கீதா? சுத்துற பாதைய கிராஃபுல போட்டுட்டேன். நான் கூப்புடுறேன், நீங்க அடிங்க."

மடிக்கணினியைத் திறந்தேன். அவர் முதல் எண்ணைக் கூப்பிட்டார். தட்டினேன். அடுத்ததற்குக் காத்திருந்தேன். வரவில்லை.

"பாய், லைன்ல இருக்கீங்களா?"

"திருப்பிச் சொல்லுங்க சார்" என்றார்.

திருப்பிச் சொன்னேன். "சரி" என்றார். அதற்குப் பிறகுதான் இரண்டாவது எண் வந்தது. அதையும் திருப்பிச் சொன்னேன். அன்று நாற்பத்தெட்டு எண்கள். ஒன்றைக்கூட அவர் விட்டுவிடவில்லை. முடிந்ததும், ஆட்டத்தின் பிரதியை உடனே தன் மகளின் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொன்னார். அது வந்து சேர்ந்தது என்று மகள் உள்ளேயிருந்து சொல்லும் வரை போனை வைக்கவில்லை.

நான்கு மாதமாக இப்படித்தான் நடக்கிறது. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அந்த அம்மாள் ஒரு முறை போனை எடுத்து, என் குரலைக் கேட்டதும் பேசாமல் அவரிடம் கொடுத்தார். கேசட்டைப் பற்றிப் பேச்சில்லை. ஈசல்கள் அடிபட்டதும் இப்போது இரண்டு சுற்று சுற்றுகின்றன. ஆனால் சுற்று வட்டமாக இல்லையாம், முட்டை மாதிரி இருக்கிறதாம். போன வாரம் நான் அனுப்பிய ஆட்ட வீடியோவைப் பார்த்துவிட்டுச் சொன்னார். இந்த ஞாயிறு புதிதாக அறுபது எண் கூப்பிடுவார். ஒவ்வொன்றையும் நான் திருப்பிச் சொல்வேன்.